குரல் இல்லாத வகுப்பு

கரமனை,
14-6-1934

அத்திம்பேருக்கு நமஸ்காரம். சீதாக்காவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், நீங்கள் இதை உரக்க வாசிக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

இங்கே என் மாமியாரும் நானும் சுகம். இடவப்பாதி மழை விடாமல் கொட்டுகிறது. அவருக்கு முழங்கால் வலி, எனக்குத் தொண்டைக் கரகரப்பு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் தலைசுற்றல் எப்படி இருக்கிறது?

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பாதி அக்கிரகாரத்துப் பிள்ளைகள், பாதி கடைத்தெருப் பிள்ளைகள். அரிசிக்கடை நாஞ்சில் நாட்டுக்காரர் பெண் பொன்னம்மைக்குக் கடையில் ஆள் கூப்பிடுகிற குரல். எங்கள் தெருப் பட்டாபி எதற்கும் "ஏன்?" என்பான். வேலப்பன் பாதி மலையாளம், பாதி தமிழ். எனக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே ஓர் ஓலைத்தட்டிதான். அந்த டீச்சர் கத்த, நானும் கத்திக் கத்தித்தான் நடத்துகிறேன்.

பெரிய டீச்சர் சரசம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "லலிதாம்பாளே, இன்ஸ்பெக்டர் வரும்போ பிள்ளைகள் புதுசா ஒரு வாக்கியத்தைக் கண்டு வாசிக்கணும். இல்லெங்கில் அடுத்த வருஷம் தமிழ் கிளாஸ் இல்லை. எல்லாரையும் மலையாளத்தில் சேர்த்துவிடும், கேட்டா?" இன்ஸ்பெக்ஷன் மாசி மாதம். அதற்குள் வாசிக்க வைத்துவிடுவேன்.

உங்கள் இருவர் நலமும் நாடும்,
லலிதாம்பாள்


கல்லிடைக்குறிச்சி,
2-7-1934

சௌ. சீதாலக்ஷ்மி சொல்ல, வெங்கடகிருஷ்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். சீதையின் தலைசுற்றல் தேவலை. தொண்டைக்குப் பனங்கல்கண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள். குளிர்ந்த ஜலத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாதே என்கிறாள்.

இனி நான் சொல்வது. உன் புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. வயதான மாமியாரை வைத்துக்கொண்டு, அயலூரில், ஒரு சம்பளத்துக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று என்ன விதி? மாமியாரையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. நான் கோர்ட்டு குமாஸ்தாதான். ஆனாலும் இன்னும் இரண்டு இலை போட என் வீட்டில் இடம் உண்டு. யோசித்துப் பதில் எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
வெ. கி.


கரமனை,
12-8-1934

அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது. கோபிக்க வேண்டாம். மாமியார் நடமாடுகிறார். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வகுப்பை விட்டு வருவதற்கில்லை.

வகுப்பு இப்போது அடியோடு மாறிவிட்டது. புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. முறத்தில் ஆற்று மணலைப் பரப்பிப் பிள்ளைகளின் நடுவில் வைத்திருக்கிறேன். முதலில் ட. கையை முழங்கையில் மடக்கி நீட்டினால் அதுதான் ட. பிறகு ப. மூன்று பக்கம் சுவர், மேலே கூரை இல்லாத வீடு. அப்புறம் ம, ய. இந்த நாலு தெரிந்தால் போதும். படம், மடம், பயம் எல்லாம் வந்துவிடுகிறது. பட்டாபியையும் வேலப்பனையும் தரையில் படுக்க வைத்து ஒரு ப உண்டாக்கினோம். மூன்றாவது சுவர் யார் என்று சண்டை. "நான்தான் நெட்டைச் சுவர்" என்று பொன்னம்மை பாவாடையைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

போர்டில் நான் ஒரு படம் போடுவேன். அது என்ன என்று அவர்கள் சொல்ல வேண்டும். நேற்று யானை போட்டேன். "எலி" என்றான் பட்டாபி. "தும்பிக்கை உள்ள எலி உங்க வீட்டிலே இருக்கா?" என்று பொன்னம்மை கேட்க, வகுப்பே சிரித்தது. சரசம்மா தட்டி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நலமாயிருக்கும் சேதி எழுதுங்கள்.
லலிதா


கல்லிடைக்குறிச்சி,
3-9-1934

லலிதாவுக்கு ஆசிகள். இங்கு சௌக்கியம்.

உன் அக்காள் ஒரு விசித்திரமான கேள்வி கேட்கச் சொல்கிறாள். ய-வுக்குப் பிறகு எந்த எழுத்து, கொம்பு எப்போது, கால் எப்போது, இதெல்லாம் வரிசைப்படி எழுத வேண்டுமாம். படமும் போட வேண்டுமாம். இவளுக்கு இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "அவள் வகுப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாதா?" என்கிறாள். போகட்டும், எழுது.

தீபாவளிக்குக் கட்டாயம் வர வேண்டும். சாக்குச் சொல்லாதே.

வெ. கி.


கரமனை,
10-10-1934

அத்திம்பேருக்கு நமஸ்காரம். அக்காவுக்கு நமஸ்காரமும், அவள் கேட்ட எழுத்துகளும். தனித்தாளில் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் உண்டு.

இங்கே குறைவொன்றுமில்லை. மாமியார் உங்களை விசாரிக்கிறார்.

மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதையை வைத்துக் கணக்கு நடக்கிறது. வகுப்பின் ஒரு மூலையைக் கடையாக்கி, பொன்னம்மையைக் கல்லாவில் உட்கார்த்தினோம். கடன் கேட்ட வேலப்பனிடம், "அப்பா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் கேட்ட வார்த்தையாக இருக்கும்.

போன வாரம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். மழையில் கரமனையாறு செம்மண்ணாகப் பெருகி ஓடியது. திரும்பி வந்ததும் போர்டில் 'வெள்ளம்' என்று எழுதினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். "இது குடிக்கிறது" என்றான் வேலப்பன்; மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். "இல்லை, இது வீட்டை அடிச்சுண்டு போறது" என்றான் பட்டாபி. இருவரும் விடவில்லை. கடைசியில் பொன்னம்மை தீர்ப்புச் சொன்னாள். "அவன் வீட்டிலே குடிக்கிறது, நம்ம புஸ்தகத்திலே அடிச்சுட்டுப் போறது. ரெண்டும் ஆத்துலேதானே இருக்கு?" வேலப்பன் உடனே சிலேட்டில் ஒரு பக்கம் வெள்ளம் என்றும் மறுபக்கம் தண்ணி என்றும் எழுதிக் காட்டினான். அந்தத் தண்ணிதான் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவன் எழுதிய முதல் வார்த்தை.

தீபாவளிக்கு வர முடியாது. மாமியாரைத் தனியே விட முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

லலிதா


கல்லிடைக்குறிச்சி,
20-11-1934

லலிதாவுக்கு அக்கா சீதா ஆசீர்வாதம். நான் சுகம். அவரும் சுகம்.

இது நானே போட்டது. அவர் கை இல்லை. பார்த்தாலே தெரியும், கோணல். நீ முறத்தில் மணல் என்றாய். நான் தட்டில் அரிசி மாவு. அவர் கோர்ட்டுக்குப் போன பின் சமையல் உள்ளில் தினமும் போட்டேன். உன் பிள்ளைகள் படித்ததை எல்லாம் நானும் படித்தேன். நாக்கை மடித்துச் சொல்கிற ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. கை அங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது. அது இல்லாத வார்த்தையாகப் பொறுக்கிப் போடுகிறேன்.

தீபாவளிக்கு நீ வரவில்லை. அவருக்குக் கோபம். எனக்குக் கவலை. உன் கடிதங்களை எடுத்து நானே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். அவர் படித்தபோது காதில் படாதது இப்போது கண்ணில் பட்டது. பொன்னம்மை சொன்னாள், பட்டாபி சொன்னான், வேலப்பன் சொன்னான் என்று இருக்கிறது. நான் சொன்னேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. முதல் கடிதத்தில் கத்துகிறேன் என்றாய். அதன் பின் உன் சத்தமே இல்லை.

உனக்கு என்ன ஆச்சு லலிதா? இதை அவர் பார்க்கவில்லை. பதிலை எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி பெயருக்குப் போடு. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்னிடம் மறைக்காதே.

உன் அக்கா


கரமனை,
1-12-1934

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோணல் இல்லை. ஒரு கடிதம் முழுக்க 'ழ' இல்லாமல் எழுத என்னால் முடியாது. ஒன்பது வயதில் உன்னைக் கல்யாணம் பண்ணி அனுப்பினார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும். இன்று கொஞ்சம் தீர்ந்தது.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குக் குரல் இல்லை. ஆடி மாதம் ஒருநாள் பாடத்தின் நடுவில் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல் நரம்பில் பரு கிளம்பியிருக்கிறது என்றார். மூன்று மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்றார். ஐப்பசியில் மறுபடி பார்த்து, இன்னும் ஆறவில்லை, மாசி முடிய வாயைத் திறக்காதே என்றிருக்கிறார்.

லீவு போட்டிருக்கலாம். தமிழுக்குப் பதில் டீச்சர் கிடையாது. பிள்ளைகளைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாள வகுப்பில் உட்கார வைப்பார்கள். ஒருமுறை அங்கே போனால் இந்த வகுப்பு திரும்பி வராது. அதனால் பேசாமலே நடத்துகிறேன். கையைத் தட்டுகிறேன், படம் போடுகிறேன், நடித்துக் காட்டுகிறேன். டீச்சர் வாய்ப்பூட்டு விளையாட்டு விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பேசாததால் அவர்கள் பேசுகிறார்கள். முன்பு நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். இப்போது அவர்களே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை அக்கா. வேறு வழியில்லாமல் செய்தேன்.

சரசம்மாவுக்குத் தெரியும். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு எச்சில் தொட்டுத் தன் கையாலேயே அழித்தார். "நான் ஒண்ணும் கண்டில்லை. டீச்சர் கிளாஸ் எடுத்தோளு" என்றார்.

அத்திம்பேருக்குத் தெரிந்தால் வந்து அழைத்துப் போய்விடுவார். நல்லதற்குத்தான் செய்வார். அதனால்தான் மறைத்தேன். மாசி வரை பொறு.

உன் லலிதா


கல்லிடைக்குறிச்சி,
22-1-1935

லலிதாவுக்கு அக்காவின் ஆசிகள். பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. உன் மாமியாருக்கு என் நமஸ்காரம். பார், ழ வந்துவிட்டது. மழை, பழம், கிழமை, தாழ்ப்பாள். போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு விஷயம். கரமனையிலிருந்து இங்கே வந்த ஒருவர் அவரிடம், "உங்க மச்சினியைக் கோவில்லே பார்த்தேன். என்ன கேட்டாலும் தலையை ஆட்டறா. புத்தி சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அவர் அன்றைக்கே பையை எடுத்து வேஷ்டி மடித்து வைத்தார். "போய் அழைச்சுண்டு வரேன். இனிமே ஒரு பேச்சும் கிடையாது" என்றார்.

நான் வாசற்படியில் போய் நின்றேன். அவர் கக்கத்தில் இருந்த பேப்பரை வாங்கி, முதல் பக்கத்தை உரக்க வாசித்தேன். தட்டித் தடுமாறித்தான் வாசித்தேன். ஆனால் நிறுத்தவில்லை. மூன்று வரி ஆனதும் அவர் பை கீழே இருந்தது.

"யார் சொல்லிக்கொடுத்தா?" என்றார்.

"லலிதா. கடிதாசிலேயே சொல்லிக்கொடுத்தா. புத்தி பேதலிச்சவ இப்படிச் சொல்லிக்கொடுப்பாளா?" என்றேன்.

பிறகு குரல் விஷயத்தையும் சொன்னேன். மறைத்தால் கிளம்பிவிடுவார். "இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும் நீங்க போகப்படாது" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒன்றைச் செய்யக்கூடாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வேஷ்டியைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார். மறுநாள் காலையில் பேப்பரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார்.

நீ உன் வேலையைப் பார்.
அக்கா


கரமனை,
3-3-1935

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். உடம்பு பரவாயில்லை.

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. அன்று காலை கிணற்றடியில் யாரும் இல்லாதபோது 'அம்மா' என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

இன்ஸ்பெக்டர் மலையாளி. நாஞ்சில் நாட்டில் வெகுகாலம் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். மஞ்சாடிக்கடை நடந்தது. நான் போட்ட படத்துக்கு வார்த்தை சொன்னார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சர் ஏன் மிண்டாமல், பேசாமல் நிற்கிறா?" என்று கேட்டார்.

"சாரே, தொண்டைக்குச் சுகமில்லை" என்றார் சரசம்மா.

"ஆகட்டும். புஸ்தகம் வேண்டாம், அது உருப்போட்ட காணாப்பாடமா இருக்கும். டீச்சரே போர்டில் புதுசா ஏதாவது எழுதட்டெ. முதல்ல பிள்ளைகள் வாசிக்கட்டும். அப்புறம் டீச்சர் ஒருதரம் உரக்க வாசிச்சுக் காட்டட்டும். எனக்கு ரெண்டும் கேட்கணும்."

சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போர்டைப் பார்த்து நின்றேன். மரம் பெரியது என்று எழுதியிருக்கலாம். அவர்கள் வாசித்திருப்பார்கள். அடுத்து நான் வாயைத் திறக்க வேண்டும். காற்று வரும். அப்போது தெரிவதைவிட இப்போதே தெரியட்டும் என்று தோன்றியது. இதை எழுதினேன்:

'எனக்குக் குரல் இல்லை. ஆடி மாதம் முதல் நான் பேசவில்லை. பேசியது எல்லாம் நீங்கள்தான்.'

பொன்னம்மை எழுந்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டி, பிறகு சேர்த்து வாசித்தாள். மற்றவர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். வகுப்பு முழுவதும் என் வாக்கியத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "நான் பேசவில்லை" என்று வந்தபோதுதான் அவர்களுக்குப் பொருள் புரிந்தது. பொன்னம்மையின் சத்தம் அப்படியே இறங்கிவிட்டது. ஆனாலும் கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அப்போ விளையாட்டு இல்லையா?" என்றான் பட்டாபி. இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஏன் எங்ககிட்டே சொல்லலை?" என்றான்.

வேலப்பன் வெளியே ஓடினான். கிண்டியில் தண்ணீர் எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். "டீச்சருக்குத் தண்ணி" என்றான். அவன் வெள்ளம் என்று சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் போர்டைத் தானும் ஒருமுறை வாசித்தார். "சரசம்மே, இது நிங்களுக்கு அறியாமோ?"

"அறியும் சார். என் பேரையும் எழுதிக்கோங்க" என்றார் சரசம்மா.

அவர் எதையோ எழுதிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "பிள்ளைகள் வாசிச்சது. அதை எழுதுவேன். டீச்சர் மறைச்சு வச்சது. அதையும் எழுதுவேன்" என்றார். ரிப்போர்ட் மேலே போயிருக்கிறது. உத்தரவு எப்படி வருமோ தெரியாது.

எது வந்தாலும் எழுதுகிறேன்.
லலிதா


கல்லிடைக்குறிச்சி,
15-3-1935

லலிதாவுக்கு அத்திம்பேர் எழுதுவது. இந்தத் தடவை யாரும் சொல்லி எழுதவில்லை, நானாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை என்னிடம் கொடுக்காமல் சீதையே எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டி வந்தது. அது எழுத்துத் தெரியாமல் அல்ல.

இங்கே வந்துவிடு என்று முன்பு எழுதினேன். அதை விட்டுத் தள்ளு. வேலையை எடுத்தார்களானால் உத்தரவின் நகலை அன்றைய தபாலிலேயே எனக்கு அனுப்பு. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். உனக்கும் எழுதுவேன். ஒரு மனுவில் முடியாவிட்டால் ஒன்பது போடலாம்.

தொண்டையைப் பார்த்துக்கொள். மாமியாரை விசாரித்ததாகச் சொல்.

வெ. கி.


கரமனை,
9-6-1935

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம்.

மனு வேண்டியிருக்கவில்லை. தமிழ் ஒன்றாம் வகுப்பு நீடிக்கலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. நோயை மறைத்ததற்கு எனக்கும், தெரிந்தும் சொல்லாததற்குச் சரசம்மாவுக்கும் கண்டனம். தன் கண்டனத்தை அவர் மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

என் பிள்ளைகள் எல்லோரும் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். குரலும் வந்திருக்கிறது, பழைய குரல் அல்ல. ஆண்பிள்ளைக் குரல் மாதிரி தடித்துப் போயிருக்கிறது. பழையது இனித் திரும்பாது என்கிறார் டாக்டர். ஒரு நாளைக்கு அரைமணி நேரம், தணிவாகப் பேசலாம். அதற்கு மேல் ஆயுசுக்கும் கூடாது. அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று மாமியார் அழுதார். நான் அழவில்லை. அரைமணியை எதற்குச் செலவழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாடத்துக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் பிள்ளைகள். எல்லோரும் உள்ளே வந்த பிறகும் ஒரு பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். பெயர் பகவதி. கல்லாற்றுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பெண். அம்மா காய்ச்சலில் போய்விட்டாளாம். இங்கே சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கையைத் தட்டினேன், வரவில்லை. படம் போட்டேன், பார்க்கவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "கல்லாத்திலே யானை வருமா?" என்று கேட்டேன்.

என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். "வரும். ராத்திரி எங்க லயத்து வரிசை வீட்டுப் பக்கமே வரும்" என்றாள். பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்பது, பனியில் துணி காயாதது, அம்மா கூடையை எந்தப் பக்கம் மாட்டுவாள் என்பது. நான் நடுநடுவே கேட்டேன். வகுப்பு காத்திருந்தது. தட்டிக்கு மேலாக மலையாள டீச்சர் எட்டிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அன்றைய அரைமணியை முழுக்க அவளுக்கே கொடுத்தேன்.

கடைசியில் அவள் நிலையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் பேசுவீங்களா?" என்றாள்.

"பேசுவேன்" என்றேன்.

அதோடு அன்றைய குரல் தீர்ந்தது. அவளை உள்ளே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ஈரத்துணியால் போர்டைத் துடைத்துப் பாடத்தை ஆரம்பித்தேன்.

அன்புடன்,
லலிதா